வரி ரீஃபண்ட் வீடு வந்து சேரும் வழி: முதன்முறை கணக்குத் தாக்கல் செய்வோருக்கு

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வாரத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அடகுக் கடை வாசலில் தாய்மார்கள் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் சிலருக்கு அதே நாளில் வருமான வரித் துறையிடமிருந்து ரீஃபண்ட், அதாவது மிகையாகப் பிடித்த வரி, திரும்ப வரவேண்டியிருக்கிறது. கேட்டால்தான் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். மாதம் 30,000 ரூபாய் பேசியிருக்கிறார்கள். கைக்கு வருவது 27,000. "மீதி டி.டி.எஸ்., அது வரிக்குப் போய்விட்டது" என்று மூன்று ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார். டி.டி.எஸ். என்பது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. அவருடைய ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய். அந்த வருமானத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி கிடையாது. ஆண்டுக்கு 36,000 ரூபாய், அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை, கேட்பாரற்றுக் கிடந்தது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே தரும் எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பொருந்துபவை. 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் படிவங்களின் பெயரும் எண்ணும் மாறும். அடிப்படை வேலைகள் இவைதான்.

முதல் படி: உங்கள் பணம் எங்கே பிடிபட்டது என்று தேடுங்கள்

சாதாரணக் குடும்பங்களில் வரி மிகையாகப் பிடிபடும் இடங்கள் மூன்று.

முதலாவது, மேலே சொன்ன பெண்ணின் நிலை. வேலை என்னவோ முழுநேர வேலைதான். ஆனால் நிறுவனம் அதைச் சம்பளமாகக் காட்டாமல் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 சதவீதம் பிடித்துவிடும். வருமானம் சிறியதா பெரியதா என்று அது பார்க்காது.

இரண்டாவது, பெற்றோரின் வைப்புத் தொகை. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1,00,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். மற்றவர்களுக்கு வரம்பு 50,000. ஓய்வு பெற்ற ஒருவர் 15 லட்சம் ரூபாயை 7.5 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வட்டி 1,12,500. அதில் 11,250 போய்விடும். மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியத்தையும் சேர்த்தாலும் அவருடைய மொத்த வருமானம் புதிய வரி முறையின் 4 லட்சம் ரூபாய் விலக்கு வரம்புக்குள்தான் நிற்கிறது. பிடித்த முழுத் தொகையும் அவருக்குத் திரும்ப வேண்டும். பான் எண்ணை வங்கியில் கொடுக்காமல் விட்டிருந்தால் பிடித்தம் 20 சதவீதம்.

மூன்றாவது, வாடகை, காப்பீடு போன்றவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்கள். வீட்டு வாடகை ரசீது, காப்பீட்டுப் பிரீமியம் போன்ற சான்றுகளை அலுவலகம் கேட்ட நாளில் கொடுக்கத் தவறினால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பெரிய வெட்டு விழும். அந்தச் செலவுகள் உண்மையானவையாக இருந்தால், கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டுப் பெறலாம்.

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு கணக்குத் தொடங்கினால், '26ஏ.எஸ்.' என்ற அறிக்கையும் 'ஏ.ஐ.எஸ்.' என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையும் கிடைக்கும். யார் உங்கள் பெயரில் எவ்வளவு பிடித்து அரசுக்குக் கட்டினார்கள் என்பது 26ஏ.எஸ்.-இல் தனித்தனிப் பதிவாக இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண் ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். 192 என்றால் சம்பளம். 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணம். 194ஏ என்றால் வட்டி. எந்தப் படிவத்தில் தாக்கல் செய்வது என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. 194ஜே என்று இருப்பதைச் சம்பளமாக எழுதி ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய வருமான வரிக் கணக்குப் படிவத்தில் தாக்கல் செய்து, பிறகு துறையிடமிருந்து கடிதம் வந்து கலங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிடித்தார்கள், ஆனால் 26ஏ.எஸ்.-இல் காணவில்லை என்றால், நிறுவனம் அந்தத் தொகையைக் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாக எழுதிவிட்டது என்று பொருள். வாய்மொழியாகக் கேட்டு நிற்காமல் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் திருத்தினால்தான் பணம் நகரும்.

இரண்டாம் படி: பெயரையும் வங்கிக் கணக்கையும் சரிசெய்யுங்கள்

ரீஃபண்ட் தவறிப்போவதற்கு நம் ஊரில் பெருங்காரணம் வரிக் கணக்கில் இல்லை. பெயரின் முதலெழுத்தில் இருக்கிறது.

நம் பெயர் வைக்கும் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. வங்கிப் புத்தகத்தில் 'எஸ்.' என்ற ஓர் எழுத்து இருக்கும். பான் அட்டையில் அதே எழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து பின்னால் நிற்கும். ஆதாரில் முதலெழுத்தே இருக்காது. பெண்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பான் அட்டையில் தந்தை பெயர், வங்கியில் கணவர் பெயர் என்று இரண்டு ஆளாகிவிடுகிறார்கள். என் அம்மாவுக்கு வரவேண்டிய 8,000 சொச்சம் ரூபாய் இப்படித்தான் ஏழு மாதம் நின்றது. வங்கிக் கிளையில் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது முறைதான் பெயரைப் பான் அட்டையில் உள்ளபடி மாற்றிக் கொடுத்தார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் வெயிலில் பஸ் ஏறி வந்தது இன்றும் மனத்தில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: கணக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். இணைக்காத பான் செயலிழந்த நிலையில் இருக்கும், அந்த நிலையில் ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் சேராது. பிறகு இணையதளத்தில் உங்கள் வங்கிக் கணக்கைச் சேர்த்து, சரிபார்ப்பு முடிந்ததா என்று உறுதிசெய்து, 'இந்தக் கணக்குக்கே ரீஃபண்ட் வேண்டும்' என்று குறித்து வையுங்கள். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்ததால் ஐ.எஃப்.எஸ்.சி. எண் (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) மாறியவர்கள் பழைய காசோலையைப் பார்த்து எண்ணை எழுத வேண்டாம். கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, அதே ஆண்டு அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. பழைய புத்தகங்கள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன.

மூன்றாம் படி: தாக்கல்

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16 என்ற சான்றிதழை அலுவலகம் ஜூன் 15-க்குள் கொடுக்க வேண்டும். எனவே ஜூன் பின்பாதிதான் நல்ல நேரம். கடைசி வாரத்தில் இணையதளம் திணறும். அவசரத்தில் எண்கள் தவறும்.

சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வட்டி, இவ்வளவுதான் வருமானம் என்றால் ஐ.டி.ஆர்.-1 போதும். இணையதளத்தில் பெரும்பாலான கட்டங்கள் முன்பே நிரப்பப்பட்டிருக்கும். நிரப்பியிருப்பதாலேயே அது சரி என்று கொள்ளாமல் படிவம் 16, 26ஏ.எஸ்., வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியையும் காட்டுங்கள், சிறிய தொகையாக இருந்தாலும். தொழில்முறைக் கட்டணம் வாங்குபவர்களுக்கு ஐ.டி.ஆர்.-3 அல்லது 4 வரும்; முதல் ஆண்டு மட்டும் ஒரு நல்ல ஆடிட்டரிடம் போவது செலவுக்குத் தகும்.

பழைய முறையா, புதிய முறையா என்ற கேள்விக்குப் பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு இப்போது பதில் எளிது. புதிய முறையில் வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி வராது. அதற்கு மேல் சம்பளமும், பெரிய வீட்டுக் கடன் வட்டியும் வாடகையும் உள்ளவர்கள் இரண்டையும் போட்டுப் பார்க்கட்டும். இணையதளத்திலேயே ஒப்பீட்டுக் கருவி இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான். கடைசி நாளைத் தவறவிட்டுத் தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய முறையைக் கேட்கும் உரிமையும் போய்விடும். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. அந்தத் தாமதத் தாக்கலுக்கும் டிசம்பர் 31 எல்லை.

"வரியே இல்லையே, நான் ஏன் தாக்கல் செய்ய வேண்டும்" என்பவர்களுக்கு: தாக்கல் செய்யாமல் ரீஃபண்ட் வராது. மேலும், ஓர் ஆண்டில் உங்கள் பெயரில் பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டாலே, மூத்த குடிமக்களுக்கு 50,000, தாக்கல் கட்டாயம்.

எல்லாம் அனுப்பிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 30 நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ இணைய வங்கி மூலமாகவோ சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நீங்கள் உரிய நாளில் தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது. ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருந்தால் முன்பே மாற்றி வையுங்கள்.

பரிசோதனைக் கூடப் பெண் இழந்த பழைய ஆண்டுகளின் கதை என்ன என்று கேட்பீர்கள். உண்மையான காரணம் இருந்தால், தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனு கொடுக்கலாம். 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். பணம் வந்தே தீரும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் மனு கொடுக்கச் சொன்னேன், கொடுத்திருக்கிறார்.

நான்காம் படி: காத்திருக்கும் நாள்களில் ஏமாறாமல் இருங்கள்

சரிபார்ப்பு முடிந்து நான்கைந்து வாரங்களில் பணம் வருவதாகத் துறை சொல்கிறது. சிலருக்கு முன்னதாகவும் வரும், சிலருக்கு நீளும். 143(1) பிரிவின் கீழ் மின்னஞ்சலில் ஓர் அறிவிப்பு வரும். அதில் நீங்கள் எழுதிய எண்ணும் துறை கணக்கிட்ட எண்ணும் அருகருகே இருக்கும். அதைத் திறந்து படியுங்கள். பழைய ஆண்டு பாக்கி இருந்தால் ரீஃபண்டிலிருந்து கழிப்பதாக நோட்டீஸ் வரலாம். அந்தப் பாக்கி தவறு என்றால் குறித்த நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் கழித்துக்கொள்வார்கள். வங்கிச் சிக்கலால் பணம் திரும்பிப் போயிருந்தால், கணக்கைச் சரிசெய்து 'மறுபடி அனுப்புக' என்ற கோரிக்கையை இணையதளத்திலேயே வைக்கலாம்.

உரிய நாளில் தாக்கல் செய்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேரும். 36,000 ரூபாய் ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாத வட்டி 900; மொத்தம் 36,900. ரீஃபண்டுக்கு வரி இல்லை, ஆனால் அந்த 900 ரூபாயை அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டும்.

இரண்டு விதமான ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்புபவர்கள் ஒருவகை. வருமான வரித் துறை உங்கள் ஏ.டி.எம். பின் எண்ணையோ கடவுச்சொல்லையோ ஒருபோதும் கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அங்கே நிமிடங்கள் முக்கியம்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்து, ஏனென்றால் அவர் தெரிந்த முகமாக இருப்பார். "முழு வரியையும் திருப்பி வாங்கித் தருகிறேன், வருவதில் பத்து சதவீதம் கொடுங்கள்" என்பார். கொடுக்காத நன்கொடையையும் கட்டாத காப்பீட்டையும் எழுதிப் பணத்தை வரவழைப்பார். 2025 ஜூலையில் இப்படிப் போலிக் கழிவு எழுதியவர்கள் மீது துறை நாடு முழுவதும் சோதனை நடத்தியது. பொய்க் கணக்குக்கு அபராதம் தவிர்த்த வரியைப்போல் இரு மடங்கு. அதைக் கட்ட வேண்டியது நீங்கள்தான், எழுதிக் கொடுத்தவர் அல்ல. படிவத்தில் என்ன எழுதினார் என்று பார்க்காமல் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: பணம் வருவதற்கு முன்பே நோட்டில் எழுதுங்கள்

இந்தப் படியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரீஃபண்ட் மொத்தமாக வருவதால் அது வரவு போலத் தோன்றுகிறது. அதனால் புதுக் கைப்பேசிக்கும் தவணைச் சோபாவுக்கும் போய்விடுகிறது. அந்தப் பெண்ணின் 36,000 எங்கிருந்து வந்தது? மாதம் 3,000 ரூபாய் குறைந்ததால் அவர் வீட்டில் பால் குறைந்தது, மகளின் கட்டணத்துக்குக் கடன் அட்டையைத் தேய்த்தார், மாமியாரின் மாத்திரையை இரண்டு தவணையாக வாங்கினார். பணம் எந்த ஓட்டைகள் வழியாகப் போனதோ, அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் முதலில் போக வேண்டும்.

ஆகவே, தாக்கல் செய்த அன்றே குடும்பத்தோடு உட்கார்ந்து நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். முதலில் கடன்களை, தொகை வரிசையில் அல்ல, வட்டி வரிசையில். வெளியாரிடம் கடன் வாங்கி மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று வட்டி கட்டுகிறீர்கள் என்றால் அதுதான் தலை வரிசை. அடுத்தது கடன் அட்டை. மாதம் மூன்றரை சதவீதம் என்று சிறியதாகத் தெரியும். 14,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 490 ரூபாய் வட்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அசல் கரையவே கரையாது. நகைக் கடன் அதற்குப் பிறகு. வங்கி நகைக் கடன் வட்டி குறைவு, பொறுக்கலாம்; ஆனால் தவணை முடியும் நாளை நோட்டில் எழுதுங்கள், ஏல நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடனுக்கு அடுத்தபடி அவசர நிதி. மூன்று மாதச் செலவு என்று புத்தகங்கள் சொல்லும். அதைக் கேட்டாலே பலருக்கு மலைப்பு வந்துவிடும். முதலில் 15,000 ரூபாய் சேருங்கள். ஒரு காய்ச்சல், ஒரு வண்டிப் பழுது, ஊரில் ஒரு துக்கம், இவற்றுக்கு வட்டிக்கு ஓடாமல் இருக்க அது போதும். தினமும் புழங்கும் கணக்கில் வைக்காமல் வேறொரு சேமிப்புக் கணக்கில் வையுங்கள். பதிவு பெறாத சீட்டில் மட்டும் அவசர நிதியைப் போடாதீர்கள், நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அதே நேரத்தில் இரண்டு காப்பீடுகளைப் பாருங்கள். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாய், மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகக் கழியும். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாமல் காப்பீடு காலாவதியாகி, பிறகு நடந்த மரணத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போன வீடு ஒன்றை அறிவேன். நாள்காட்டியில் மே 20-ஐ வட்டமிட்டு வையுங்கள்.

அந்தப் பெண்ணின் பக்கம் இப்படி முடிந்தது: கடன் அட்டைக்கு 14,000, அவசர நிதிக்கு 15,000, அக்டோபர் சொத்து வரிக்கும் அடுத்த பள்ளிக் கட்டணத்தின் தொடக்கத்துக்கும் 5,000, வீட்டார் விருப்பத்துக்கு 2,900. கடைசித் தொகையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டு குறைத்து வாழ்ந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் பெல்லாவது வர வேண்டும்.

ஆறாம் படி: ஜூன் மாதத்தை ஜனவரியிலேயே சந்தியுங்கள்

நம் வீடுகளை மாதச் செலவு கவிழ்ப்பதில்லை. அரிசி, பால், மின்சாரம் எல்லாம் எப்படியோ ஓடிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வருபவைதான் கவிழ்க்கின்றன: பள்ளிக் கட்டணம், தீபாவளி, சொத்து வரி, வண்டிக் காப்பீடு, கல்யாண மொய், தாய்மாமன் சீர். வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திடீரென்று வந்ததுபோல் கடன் வாங்குகிறோம்.

அவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக, கட்டணம் 24,000, தீபாவளி 15,000, மொய்யும் சீரும் 12,000, வண்டி 5,000, சொத்து வரி 4,000. மொத்தம் 60,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே இந்த 5,000 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டு என்பதால் இதற்குப் பொருந்தாது; வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு ஏற்றது. 5,000 முடியாது என்றால் 2,000-இல் தொடங்குங்கள். குறையும் பகுதிக்கு ரீஃபண்டை ஒதுக்குங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. கையில் பணம் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கிறது.

ஏழாம் படி: அடுத்த ஆண்டு பிடித்தத்தையே குறையுங்கள்

பெரிய ரீஃபண்ட் வருவதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பணம் மாதாமாதம் கையில் இருந்திருந்தால் கடன் அட்டையைத் தொட்டிருக்கவே வேண்டாம். சம்பளக்காரர்கள் ஏப்ரலிலேயே எந்த வரி முறை என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். தொழில்முறைக் கட்டணம் வாங்குபவர்களுக்கு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் கொடுக்கும், 15ஜி என்று பழகிய படிவம் உதவாது. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரி அதிகாரியிடம் இணையவழி கேட்கலாம். நிறுவனத்திடம் "என்னைச் சம்பளப் பட்டியலில் சேர்க்க முடியுமா" என்றும் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கும் அதுவே வழி.

பெற்றோருக்கு வேலை எளிது. வரி வரம்புக்குள் வருமானம் உள்ள மூத்த குடிமக்கள் 15எச் என்று வங்கிகளில் பழகிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்தால் வட்டியில் பிடிக்க மாட்டார்கள். அது ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரல் முதல் வாரத்தில், வைப்புத் தொகை இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும், தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். படிவத்தின் பெயரோ எண்ணோ மாறியிருந்தால் "வட்டியில் வரி பிடிக்காமல் இருக்கும் படிவம்" என்று கேட்டாலே கொடுப்பார்கள். இரண்டு நகல் எழுதி, ஒன்றில் கிளையின் முத்திரையையும் தேதியையும் வாங்கி, வங்கிப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துவிடுங்கள்.